மழலையின் இருமலும் மருந்தின் அளவும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்கும்போதெல்லாம் திருவிழாக்களின் தத்துவம், தல வரலாறு, அடியார் பெருமை என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இவ்வாண்டு ஒரு மருந்துப் புட்டியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று செயலவைக் கூட்டத்தில் சொன்னபோது நண்பர்கள் சிரித்தார்கள். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "அதையே எழுதுங்கள்" என்றார் தலைவர். எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம், அடைமழைக் காலம். என் மகளும் மருமகனும் தொழிற்சாலையில் இரவு வேலை. பேரன் எங்களிடம் இருந்தான். பதினான்கு மாதக் குழந்தை, எடை 10 கிலோ. மூக்கடைப்பு, இருமல், மாலையிலிருந்து காய்ச்சல். இரவு பத்து மணிக்கு மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, காய்ச்சல் அடிச்சா காய்ச்சல் மருந்து 3 மில்லி கொடுங்கப்பா" என்றாள்.

அலமாரியில் இரண்டு புட்டிகள் இருந்தன. இரண்டிலும் காய்ச்சல் மருந்து என்றே போட்டிருந்தது. மூக்குக்கண்ணாடி எங்கேயோ கிடந்தது. குழந்தை அழுதுகொண்டிருந்தான். கைக்கு வந்த சிறிய புட்டியைத் திறந்து, சாப்பாட்டுக் கரண்டியில் ஒரு கரண்டி ஊற்றிப் புகட்டினேன். அதைப் பார்த்த என் மனைவி, "ஐயோ, நான் ஒம்பது மணிக்குத்தானே கொடுத்தேன்!" என்றார்.

நான் எடுத்தது சொட்டு மருந்துப் புட்டி. அரை மணி நேரத்தில் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நின்றோம். அங்கிருந்த தாதி மூன்று கேள்விகள் கேட்டார். பிள்ளை எத்தனை கிலோ? என்ன மருந்து, எவ்வளவு கொடுத்தீர்கள்? எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? ஒன்றுக்குக்கூட என்னால் சரியாக விடை சொல்ல முடியவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கணிதம் கற்பித்தவன் நான்.

இறைவன் அருளால் பேரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரத்தம் எடுத்துச் சோதித்து, விடியும்வரை கண்காணித்து அனுப்பினார்கள். புறப்படும்போது அந்த இளம் மருத்துவர் சொன்னார்: "ஐயா, ஒரு தடவைங்கிறதால தப்பிச்சீங்க. இதே மாதிரி ரெண்டு மூணு நாள் கூடுதலா கொடுத்திருந்தா கல்லீரல் கெட்டிருக்கும்." அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது. இப்பிழை வேறொரு வீட்டில் நடக்காதிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் மருத்துவன் அல்லன். மருத்துவரிடமும் மருந்தாளரிடமும் கேட்டுத் தெளிந்ததை, ஓர் ஆசிரியனாக உங்கள் முன் வைக்கிறேன்.

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அது 95ஆம் அதிகாரம். நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தே மருத்துவம் செய்ய வேண்டும் என்று அதில் கூறுகிறார். வகுப்பறையில் எத்தனையோ முறை இதை விளக்கியிருக்கிறேன். மருத்துவமனையில் தாதி கேட்டதும் ஏறக்குறைய இதே மூன்றைத்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது. அந்த வரிசையிலேயே பார்ப்போம். நோயிலிருந்து தொடங்குவது எளிது.

நோயின் அளவு

சாதாரணச் சளி கிருமியால் வருவது. அதிலும் வைரஸ் என்னும் நுண்கிருமியால் வருவது. சிறு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பே. பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கினால் இன்னும் கூடலாம். சளி ஏழு முதல் பத்து நாள்களில் தானே விலகும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் பின்தங்கி நிற்கும்.

இதைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது. கடையில் விற்கும் இருமல் மருந்தும் சளி மருந்தும் நோயைத் தீர்ப்பவை அல்ல. மூக்கொழுகலைச் சற்றுக் குறைக்கவோ, இருமலை அடக்கவோ செய்யப்பட்டவை. சிறு பிள்ளைகளிடம் அந்தப் பயனும் சரிவர மெய்ப்பிக்கப்படவில்லை. ஆன்டிபயோட்டிக் மருந்து பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. ஆகவே கிளினிக்கிற்குப் போய் அதைக் கேட்டு வாங்குவதும், அண்ணனுக்கு மிச்சமானதைத் தம்பிக்குக் கொடுப்பதும் தவறு.

இருமலைப் பகையாக நினைக்கிறோம். கோயில் வாசலில் துவாரபாலகர் நிற்பதுபோல், நுரையீரலின் வாசலைக் காப்பது இருமல். சளியை உள்ளே இறங்க விடாமல் வெளியே தள்ளுவது அதுவே. காவலரைத் தூங்க வைத்தால் வீட்டுக்கு நன்மையா? இருமலை அடக்கும் கோடேய்ன் என்னும் மருந்தைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கலாகாது என்று 2015இல் ஐரோப்பிய மருந்து முகமையும், 2017இல் அமெரிக்காவும் அறிவித்தன. சிலரிடம் அது மூச்சையே தளர்த்திவிடும்.

நோயாளியின் அளவு

குழந்தை என்பது சிறிய அளவில் செய்த பெரிய மனிதர் அன்று. அதன் கல்லீரலும் மூச்சும் வேறு வகையில் இயங்குபவை. ஆதலால் வயதையும் எடையையும் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இருமல், சளி மருந்துப் புட்டிகளில் இரண்டு எச்சரிக்கைகள் காணப்படும். இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது. இரண்டு முதல் ஆறு வயது வரை மருத்துவர் அல்லது மருந்தாளரின் ஆலோசனையோடு கவனமாகக் கொடுக்க வேண்டும். பிரிட்டன் 2009லேயே ஆறு வயதுக்குட்பட்டோருக்கு இவை வேண்டாம் என்றது. எழுத்து பொடியாக இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். நான் படிக்காமல் விட்டவன் என்பதால் சொல்கிறேன்.

காய்ச்சலும் உடம்பு வலியும் பிள்ளையை வாட்டினால் பாராசிட்டமால் கொடுக்கலாம். அதற்கு எடைதான் கணக்கு. ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு மிகுதியாகப் போனால் 150 மில்லிகிராம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்தக் கணக்கைப் பார்த்து நீங்களாகக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் என்றாலே மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி என் பிழை எங்கே என்று பாருங்கள். பாராசிட்டமால் பல அடர்த்திகளில் வருகிறது. 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள புட்டி உண்டு. 250 மில்லிகிராம் உள்ள புட்டியும் உண்டு. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் இருக்கலாம். ஆக, அதே 150 மில்லிகிராமைக் கொடுக்க முதல் புட்டியில் சுமார் 6 மில்லிலிட்டர், இரண்டாவதில் 3 மில்லிலிட்டர், சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லிலிட்டர் வேண்டும். மகள் சொன்ன 3 மில்லி இரண்டாவது புட்டிக்கு உரியது. நான் சொட்டு மருந்தில் ஒரு கரண்டி, அதாவது சுமார் 5 மில்லிலிட்டர் கொடுத்தேன். 500 மில்லிகிராம்! வேண்டியதைப் போல் மூன்று மடங்குக்கு மேல். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு பாட்டி கொடுத்தது தனி. சிறிய புட்டி என்றால் வீரியம் குறைவு என்று நினைப்பது மனித இயல்பு. இங்கே அது நேர்மாறு.

எனவே 'எத்தனை மில்லி' என்று மட்டும் கேட்காதீர்கள். 'எந்தப் புட்டியில் எத்தனை மில்லி' என்று கேளுங்கள். கிளினிக்கில் கொடுக்கும் புட்டியில் 'உபாட் டெமாம்' என்று மட்டும் எழுதியிருந்தால், மருந்தின் பெயரையும் அடர்த்தியையும் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

இன்னொரு கண்ணி உண்டு. பல சளி மருந்துகளுக்குள்ளேயே பாராசிட்டமால் கலந்திருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று இரண்டு புட்டி கொடுத்தால், பிள்ளைக்கு ஒரே மருந்து இரு மடங்கு போய்விடும்.

அஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய் அதனால் வரக்கூடும். டிங்கி நடமாடும் நம் நாட்டில், காய்ச்சலின் காரணம் தெரியாதபோது இபுப்ரோஃபெனும் கூடாது. டிங்கியாக இருந்தால் இரத்தக் கசிவை அது கூட்டும்.

காலத்தின் அளவு

நான் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். 1960களில் எங்கள் தோட்டத்து டிரெசர், வீட்டிலிருந்து நாங்கள் கொண்டு போகும் புட்டியில் மிக்சரை ஊற்றிக் கொடுப்பார். புட்டியின் பக்கத்தில், ஓரம் பல் பல்லாக வெட்டிய ஒரு காகிதத்தை ஒட்டியிருப்பார். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார், அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பிசகாமல் கொடுத்தார். படித்த நான் பிசகினேன்.

பாராசிட்டமாலை நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில்தான் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. தாத்தா, பாட்டி, அத்தை, பணிப்பெண் என்று பல கைகள் உள்ள வீட்டில் இதுதான் முதலில் தவறும். எல்லாரும் அன்பினால்தான் கொடுக்கிறோம். அன்புக்கு அளவு தேவையில்லை; மருந்துக்குத் தேவை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தேதி, மணி, மருந்து, எத்தனை மில்லி, கொடுத்தவர் பெயர் என்று ஐந்து கட்டங்கள். தாளைப் பார்க்காமல் யாரும் புட்டியைத் திறப்பதில்லை. கரண்டிகளும் மருந்துக்குப் பயன்படுவதில்லை. மருந்தகத்தில் கிடைக்கும் ஊசியில்லாத 5 மில்லிலிட்டர் சிரிஞ்சில் அளந்து, கன்னத்தின் உட்புறமாக மெல்லப் புகட்டுகிறோம்.

புட்டி எங்கிருந்து வந்தது?

2022ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் சுமார் 70 பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார்கள். அதே ஆண்டு அண்டை நாடான இந்தோனேசியாவில் மாண்ட பிள்ளைகள் 200க்கும் மேல். 2025இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு பிள்ளைகள் மாண்டனர். அவர்களுக்குக் கொடுத்த இருமல் மருந்து தமிழகத்தின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதைச் சோதித்தபோது, டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி இருந்தது. அந்தப் பெற்றோர் எவரும் அலட்சியமானவர்கள் அல்லர். இருமுகிற பிள்ளைக்கு மருந்து வாங்கிக் கொடுத்தவர்கள். அந்த நச்சு இனிக்கும். பார்த்தோ சுவைத்தோ கண்டுபிடிக்க இயலாது.

தல யாத்திரை செல்லும் நம்மவர்கள் தமிழகத்திலிருந்து விபூதியோடு மருந்துப் புட்டிகளையும் வாங்கி வருவதுண்டு. "அங்கே விலை மலிவு, நல்லா கேக்கும்" என்பார்கள். பிள்ளைகளுக்கான மருந்தை அவ்வாறு வாங்க வேண்டாம். இங்குப் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் சுகாதார அமைச்சின் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கும். அவற்றைப் பார்த்து, உரிமம் பெற்ற மருந்தகத்தில் வாங்குங்கள். சந்தையிலும் இணையத்திலும் பெயர் தெரியாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். வேண்டாத மருந்தைத் தவிர்ப்பதும் ஒரு பாதுகாப்புத்தான்.

நம் கைவைத்தியம்

மருந்து வேண்டாம் என்றால் சும்மா இருப்பதா என்று கேட்பீர்கள். செய்வதற்கு நிறைய உண்டு. தாய்ப்பாலோ, வெதுவெதுப்பான நீரோ, கஞ்சித் தண்ணீரோ அடிக்கடி கொடுங்கள். நீர் கொடுப்பது ஆறு மாதம் கடந்த பிள்ளைக்கே. மூக்கடைப்புக்கு மருந்தகத்தில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். பால் குடிப்பதற்கு முன்பு விட்டால் பிள்ளை மூச்சுத் திணறாமல் குடிக்கும். ஒரு வயது நிறைந்த பிள்ளைக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி வரை தேன் கொடுத்தால் இரவு இருமல் தணியும். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தொட்டுக்கூட வைக்கலாகாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி, கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

கோயில் செயலவையில் இருப்பவன் என்ற முறையில் கற்பூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரத்திக் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் பிள்ளையின் மார்பிலும் மூக்கிலும் தடவும் பழக்கம் நம்மிடம் உண்டு. கற்பூரம் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். சிறு கட்டி ஒன்றை விழுங்கினாலே பிள்ளைக்கு வலிப்பு வரலாம். கற்பூரம் கலந்த தைலங்களும் இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு ஆகா. அது இறைவன் திருமுன் எரிய வேண்டியது. பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அதுபோலவே, குளிப்பாட்டிய பின் சாம்பிராணிப் புகை காட்டுவதைச் சளியும் இருமலும் உள்ள நாள்களில் தவிர்த்துவிடுங்கள். புகை எதுவானாலும் மூச்சுக்குழலை உறுத்தும்.

நம் நாட்டில் பிறக்கும்போதே பிள்ளைக்கு ஜி.6.பி.டி. குறைபாடு உண்டா என்று சோதிப்பார்கள். இருப்பதாகச் சொல்லியிருந்தால், நாட்டு மருந்தானாலும் சீன மருந்தானாலும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அந்துருண்டையையும் வீட்டில் வைக்காதீர்கள்.

எப்போது ஓட வேண்டும்?

பொறுமை நல்லது. ஆனால் சில அறிகுறிகளைக் கண்டால் பொறுக்கக் கூடாது. பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், பால் குடிக்க முடியாமல் போனாலும், எழுப்பினால் எழாமல் துவண்டாலும், வலிப்பு வந்தாலும், சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலும் இரவென்று பாராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தேவையானால் 999ஐ அழையுங்கள். மருந்து கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தாலும் அப்படியே. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புட்டியைக் கையோடு கொண்டு போங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அன்று என் மனைவி உடனே சொல்லாமல் இருந்திருந்தால், நான் பேரனைத் தோளில் போட்டுத் தூங்க வைத்திருப்பேன்.

ஒரு வேண்டுகோள்

விஜயதசமி அன்று நம் கோயில் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கிறோம். நன்கொடையாளர்கள் தரும் சிலேட்டும் நூலும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுக்கிறோம். வரும் ஆண்டு முதல் அத்தோடு ஓர் அளவைச் சிரிஞ்சும், ஐந்து கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று செயலவையில் முன்மொழிந்திருக்கிறேன். செலவு மிகச் சொற்பம். அன்னதானத்திற்கும் திருப்பணிக்கும் வாரி வழங்கும் உங்கள் கைகளுக்கு இது பெரிதன்று. அட்டையின் மேலே பிள்ளையின் பெயரையும், அதற்குக் கீழே எடையையும் பெற்றோரே எழுத வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒரு முறை அந்த எடையைத் திருத்தி எழுத வேண்டும்.

என் பேரனுக்கு இப்போது இரண்டு வயது நெருங்குகிறது. எடை பன்னிரண்டரை கிலோ. சென்ற வாரம் மீண்டும் சளி பிடித்தது. ஐந்து நாள் மூக்கொழுகினான், இருமினான், விளையாடினான். தாளில் பாராசிட்டமால் இரண்டே வேளை பதிவாகியிருக்கிறது. இரண்டிலும் கொடுத்தவர் என்ற கட்டத்தில் என் பெயர்தான். மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு, எந்தப் புட்டி என்று மகளிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன்.

எல்லாப் பிள்ளைகளும் நோய்நொடியின்றி வளர எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.